இன்லைன் ஹாக்கி இந்திய அணி: வேலூர் பெற்றோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டாய்ஹே நகரில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் தமிழ்நாட்டு வீரர் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரில் தங்கம் வென்றதிலிருந்து, வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஸ்கேட்டிங் வகுப்பு விசாரிக்கும் பெற்றோர் கூடியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் ஸ்கேட் அணிந்து ஆடும் இன்லைன் ஹாக்கியைக் கேட்கிறார்கள். "இந்தியா டீமுக்கு அப்ளிகேஷன் எங்கே சார் கிடைக்கும்?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. கேள்வியில் தப்பில்லை. அமெரிக்காவில் வீரரே தேசிய அமைப்பில் உறுப்பினராகி, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தேர்வு முகாமுக்குப் போகும் வழக்கம் உண்டு. இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது அதுதான். நம் நாட்டில் அப்படி நேராக நுழைய ஒரு வாசல் கிடையாது. இந்திய அணிக்கான படிவம் கைக்கு வரும்போது அதைப் பூர்த்தி செய்யச் சில நாட்கள்தான் கிடைக்கும். அதற்குள் தயாராக இருக்க வேண்டியவை ஓராண்டு வேலை. எங்கள் வட்டாரப் பிள்ளைகள் ஆட்டத்தில் தோற்பதைவிட அந்த ஓராண்டு வேலையில் தோற்பதே அதிகம் என்பதால் இதை விவரமாக எழுதுகிறோம். இடம் கொடுத்தால் நன்றி.

முதலில் எந்த விளையாட்டு என்பதில் தெளிவு வேண்டும். நான்கு சக்கரம் இரண்டிரண்டாக உள்ள குவாட் ஸ்கேட்டில், பந்தை வைத்து, குட்டையான வளைந்த ஸ்டிக்கால் ஆடுவது ரோலர் ஹாக்கி. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது அதுதான். இன்லைன் ஹாக்கியில் சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும், ஸ்டிக் பனி ஹாக்கி ஸ்டிக் போல நீளம், பந்துக்குப் பதில் 'பக்' என்ற தட்டையான வட்டு. ஒரு பக்கத்துக்கு நான்கு பேரும் ஒரு கோல்கீப்பரும் களத்தில் இருப்பார்கள். உடம்பால் மோதித் தள்ளுவது குற்றம். இரண்டுக்கும் தனித்தனி அணி, தனித்தனித் தேர்வு. விண்ணப்பத்தில் வெறுமனே 'ஹாக்கி' என்று எழுதிக் கொடுத்து, தவறான பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் அந்த ஆண்டு போனதுதான்.

உலக அளவில் இதை நடத்துவது வேர்ல்டு ஸ்கேட் என்ற அமைப்பு. 2017இல் பழைய சர்வதேச ரோலர் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பும் ஸ்கேட்போர்டிங் கூட்டமைப்பும் இணைந்து உருவானது. பழைய கூட்டமைப்பு நடத்திய முதல் இன்லைன் ஹாக்கி உலகப் போட்டி 1995இல் சிகாகோவில் நடந்தது. பனி ஹாக்கிக்கான சர்வதேச அமைப்பும் 1996 முதல் தனியாக ஓர் இன்லைன் உலகப் போட்டி நடத்திவந்தது, 2017க்குப் பிறகு அது நடக்கவில்லை. அந்தப் பெயரைச் சொல்லி இப்போது யாராவது ஆள் எடுத்தால் சந்தேகப்படுங்கள். இந்தியாவில் வேர்ல்டு ஸ்கேட்டின் உறுப்பினர் ரோலர் ஸ்கேட்டிங் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா என்ற தேசியச் சம்மேளனம். அதன்கீழ் தமிழ்நாடு ரோலர் ஸ்கேட்டிங் சங்கம், அதன்கீழ் மாவட்டச் சங்கங்கள். ஏணியின் கீழ்ப்படி மாவட்டம். கிளப்பில் சேர்ந்து, மாவட்டச் சங்கம் வழியாகப் பதிவு எண் பெற்று, மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று ஏறி, அங்கே தேர்வாளர் கண்ணில் பட்டு, தேர்வு முகாமுக்கு அழைப்பு வந்த பிறகுதான் இந்திய அணி என்ற பேச்சே. நடுவில் ஒரு படியைத் தாண்ட முடியாது. முகாமுக்கு வந்தவர்களெல்லாம் அணியில் இருப்பார்கள் என்றும் இல்லை.

இந்த ஏணியைத் தெரியாத பெற்றோரைக் குறிவைத்துத்தான் வாட்ஸ்அப்பில் 'நேரடித் தேர்வு' அறிவிப்புகள் சுற்றுகின்றன. பெயரில் 'இந்தியா'வும் 'நேஷனல்'லும் இருக்கும், பக்கத்து நாட்டில் ஒரு போட்டி இருக்கும், மூவர்ணக் கொடி போட்ட ஜெர்சியோடு புகைப்படம் இருக்கும், கட்டணமும் கணிசமாக இருக்கும். போய்வந்த பிள்ளை கையில் சான்றிதழும் பதக்கமும் கிடைக்கும். கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டுக்கோ அரசு வேலைக்கோ அதை நீட்டும்போதுதான் செல்லாது என்று தெரியவரும். அரசு வேலை ஒதுக்கீட்டில் சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, தேசியப் போட்டிக்குப் படிவம் 2 என்று மத்திய அரசு வகுத்த மாதிரி உண்டு. முதலாவதில் தேசியச் சம்மேளனமும் இரண்டாவதில் மாநிலச் சங்கமும் கையெழுத்திட வேண்டும். சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. வேர்ல்டு ஸ்கேட் இணையதளத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் உறுப்பு அமைப்பின் பெயர் இருக்கும். மத்திய விளையாட்டு அமைச்சகமும் அங்கீகரித்த சம்மேளனங்களின் பட்டியலை வெளியிடுகிறது. அங்கீகாரம் அவ்வப்போது புதுப்பிக்கப்படுவதால் பழைய பட்டியலை நம்ப வேண்டாம். அறிவிப்பில் உள்ள அமைப்பு இரண்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பணத்தை அமைப்பின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குச் செலுத்தி ரசீது வாங்குங்கள். தனிநபரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்தது மாவட்டம். பல ஊர்க்காரர்களுக்கு இல்லாத சிக்கல் இதில் நமக்கு உண்டு. 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் வந்தன. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்குப் போயின. வாலாஜா, ஆற்காடு, அரக்கோணம் ராணிப்பேட்டைக்குப் போயின. ஆனால் அந்த ஊர்களில் பலர் ஆதாரில் இன்னும் 'வேலூர் மாவட்டம்' என்றே இருக்கிறது, பள்ளிச் சான்றிதழில் புது மாவட்டம் இருக்கிறது. ஒரு வீரர் ஒரு போட்டிப் பருவத்தில் ஒரு மாவட்டத்துக்குத்தான் ஆட முடியும். இரண்டு தாளில் இரண்டு மாவட்டம் இருந்தால், மாநிலப் போட்டி அன்று எதிரணி ஆட்சேபம் எழுதிக் கொடுத்தாலே போதும், பிள்ளை கேலரியில் உட்கார வேண்டியதுதான். பருவம் தொடங்குமுன் ஆதார் முகவரியைத் திருத்திவிடுங்கள். கிளப் வேறு மாவட்டத்தில் இருந்தால், எந்த மாவட்டத்துக்குப் பதிவு என்பதை இரண்டு சங்கங்களிடமும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாறுவதாக இருந்தால் பழைய சங்கத்திடம் ஆட்சேபமின்மைக் கடிதம் வேண்டும். அதைப் பருவத்தின் நடுவில் கேட்டால் யாரும் சந்தோஷமாகத் தரமாட்டார்கள்.

பெயர் விஷயம் இதைவிடத் தொல்லை. நமக்கு இனிஷியல் போதும், பாஸ்போர்ட்டுக்குப் போதாது. பள்ளியில் 'எஸ். கார்த்திக்', ஆதாரில் 'கார்த்திக் எஸ்', பிறப்புச் சான்றில் பெயரே இல்லை, பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் செல்வம்' என்று நான்கு மாதிரி இருந்தால், கணினிக்கு இவர்கள் நான்கு பேர். சம்மேளனப் பதிவு, வேர்ல்டு ஸ்கேட் பதிவு, விசா, விமான டிக்கெட் எல்லாம் பாஸ்போர்ட் பெயரைப் பின்தொடர்கின்றன. எனவே பாஸ்போர்ட்டை முதலில் எடுத்து, அதில் இருக்கும் எழுத்துக்கூட்டிலேயே மாவட்டப் பதிவைச் செய்வதுதான் புத்திசாலித்தனம். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். குடும்பப் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டு ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுப்பவர்களும் உண்டு, பிறகு விசாவிலும் டிக்கெட்டிலும் அது இழுத்தடிக்கும். தந்தை பெயரை விரித்துக் குடும்பப் பெயராகப் போட்டுவிடுவது நல்லது.

பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயர் பதியாமல் விட்டிருந்தால், பிறந்து 15 ஆண்டுக்குள் சேர்த்துவிட வேண்டும். பிறந்த இடத்து அலுவலகம்தான் அதைச் செய்யும். வேலூரில் பிரசவம் என்றால் மாநகராட்சி. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்ச் சித்தூரில் பிறந்த பிள்ளைக்கு ஆந்திரச் சான்று இருக்கும். தமிழ்நாட்டுக்கு ஆடுவதற்கு அது தடையில்லை, குடியிருப்புக்குத் தனிச் சான்று கேட்பார்கள், அவ்வளவுதான். ஆதாரில் 15 வயதில் கைரேகையும் கருவிழியும் மறுபடி பதிய வேண்டும். அதைச் செய்யாதவர்களின் ஆதார் ஆன்லைன் சரிபார்ப்பில் திரும்பி வரலாம். ஜூனியர் பிரிவுக்கு வரும் பிள்ளைகள் சரியாக அந்த வயதில்தான் இருக்கிறார்கள்.

பாஸ்போர்ட்டுக்குச் சென்னை போக வேண்டியதில்லை. வேலூர் தலைமை அஞ்சலகத்திலேயே சேவை மையம் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்களின் ஐந்தாண்டுப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் 1000 ரூபாய், பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகத்துக்கு 1500. தட்கல் என்றால் மேற்கொண்டு 2000. சிறுவர்களுக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட 'இணைப்பு டி' என்ற உறுதிமொழிப் படிவம் வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டு அல்லது 18 வயது, எது முந்தியதோ அதுவரை செல்லும். 15 முடிந்தவர்கள் பத்தாண்டுப் புத்தகம் கேட்டு வாங்கலாம், அதுவே மேல். ஏனென்றால் பயண நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான சுற்றறிக்கைகளில் வரும் நிபந்தனை. 17 வயது 8 மாதத்தில் தேர்வான பிள்ளையின் ஐந்தாண்டுப் புத்தகம் அதற்கு உதவாது. அணி அறிவித்த பிறகு பாஸ்போர்ட்டுக்கு ஓடுவது, முகூர்த்தம் குறித்த பிறகு மாப்பிள்ளை தேடுவது மாதிரி.

இனி படிவத்துக்குள் வருவோம். பிறந்த தேதி, பதிவு எண், கடந்த தேசியப் போட்டிகளில் ஆடிய விவரம், ஆடும் இடம், உயரம், எடை, ஜெர்சி அளவு, பயிற்சியாளர் பரிந்துரை, பெற்றோர் ஒப்புதல், மருத்துவச் சான்று என்பதாக இருக்கும். ஒரு கட்டத்தில் 'ஷாட் எந்தப் பக்கம்' என்று கேட்பார்கள். வலக்கைப் பழக்கம் உள்ள பிள்ளைகள் யோசிக்காமல் 'வலது' என்று எழுதிவிடுகிறார்கள். எழுதும் கைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஸ்டிக்கைப் பிடித்து நிற்கும்போது எந்தக் கை கீழே இருக்கிறதோ, அதுதான் ஷாட் பக்கம். வலக்கைப் பழக்கமுள்ள பலர் வலக்கையை ஸ்டிக்கின் உச்சியில் வைத்து இடப்பக்கம் ஷாட் அடிப்பவர்கள். தேர்வாளர் இதை வைத்துத்தான் இடது விங், வலது விங், தடுப்பு ஜோடி என்று காகிதத்திலேயே அணியைப் பின்னுகிறார். நம் ஊரில் புல்தரை ஹாக்கியிலிருந்து வருபவர்களுக்கு இடப்பக்க ஸ்டிக்கே பழக்கமில்லாததால் வலப்பக்கம் ஷாட் அடிப்பவர்கள் தேவைக்கு மேல் இருக்கிறார்கள். இடப்பக்கம் அடிப்பவர் தவறுதலாக 'வலது' என்று எழுதினால், கூட்டம் குறைவான வரிசையை விட்டுக் கூட்டமான வரிசையில் போய் நிற்கிறார் என்று அர்த்தம். ஸ்டிக்கின் வளைவும் அந்தப் பக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்துவிடக் கூடாது.

ஆடும் இடம் என்ற கட்டத்தில் எல்லோரும் 'ஃபார்வர்ட்' என்று எழுதுகிறார்கள். கோல் போடுபவர் பெயர்தான் செய்தித்தாளில் வரும் என்பதால் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அணிக்கு இரண்டு கோல்கீப்பர் வேண்டும், அந்த இடத்துக்கு மாவட்ட அளவில் ஆள் கிடைப்பதே அரிது. காலுக்குப் பேட், பிடிக்கும் கிளவ், தடுக்கும் பிளாக்கர், மார்புக் கவசம், தொண்டைக் காப்புடன் ஹெல்மெட் என்று செலவு மற்றவர்களைவிடப் பல மடங்கு ஆவதுதான் காரணம். கிளப் ஒரு செட் வாங்கி வைத்து, தைரியமுள்ள இரண்டு பிள்ளைகளைப் பழக்கினால் மாநில அணி வரைக்கும் வழி குறுகியது.

வீடியோ கேட்டால், கோல் அடித்த துண்டுகளை ஒட்டிப் பாட்டுப் போட்டு அனுப்பாதீர்கள். பார்ப்பவர் தேடுவது பக் இல்லாத நேரத்தில் வீரர் என்ன செய்கிறார் என்பதை. மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேரே, பத்துப் பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து, போனைக் கிடைமட்டமாகப் பிடித்து, வீரர் உள்ளே வருவது முதல் மாற்று ஆட்டக்காரருக்காக வெளியேறுவது வரை வெட்டாமல் எடுங்கள். ஒரு முறை உள்ளே போனால் முக்கால் நிமிடம் முதல் ஒரு நிமிடம்தான் முழு வேகத்தில் ஆட முடியும். அப்படி ஐந்தாறு முறை போதும். ஜெர்சி எண் தெரிய வேண்டும். வெள்ளை ஜெர்சி மதிய வெயிலில் எண்ணையே விழுங்கிவிடும்.

ஆட்டத்தில் எங்கே பின்தங்குகிறோம் என்பதற்கு அளவே சாட்சி. ரிங்க் என்பது ஸ்கேட்டிங் ஆடுகளம். சர்வதேச ரிங்க் குறைந்தபட்சம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், அதாவது 800 சதுர மீட்டர். நம் பிள்ளைகள் பழகுவது பெரும்பாலும் கூடைப்பந்து மைதானத்தில். அது 28க்கு 15, அதாவது 420 சதுர மீட்டர். பாதி ரிங்கில் பழகியவர் முழு ரிங்கில் இறங்கினால் பாஸ் பாதி வழியில் நின்றுவிடும், மூச்சும் பாதியில் நின்றுவிடும். இன்னொன்று, சுற்றுப் பலகை. ரிங்கைச் சுற்றி மூலை வளைந்த பலகைச் சுவர் இருக்கும். பக்கைப் பலகையில் அடித்துத் திருப்பிக் கூட்டாளிக்கு அனுப்புவது, மூலைக்குப் போன பக்கை முதுகைக் காட்டியபடி மீட்டு வருவது எல்லாம் இந்த விளையாட்டில் மூச்சு விடுவது போல் வர வேண்டியவை. பலகையே இல்லாத மைதானத்தில் பக் கோட்டைத் தாண்டினால் ஆட்டம் நிற்கிறது, யாராவது ஓடிப்போய் எடுத்துவருகிறார்கள். அந்தப் பிள்ளை முகாமில் மூலைப் பக்கம் பக் போனதும் திகைத்து நிற்பது இயல்புதானே.

முழு ரிங்க் கிடைக்கும்வரை ஒரு மூலையையாவது அமைக்கலாம். கட்டட வேலைக்கு வாங்கும் சென்ட்ரிங் பிளைவுட், எட்டுக்கு நான்கு அடித் தாள், நீளவாக்கில் அறுத்தால் இரண்டடி உயரப் பலகை இரண்டு கிடைக்கும். பக்கத்துக்குப் பத்து மீட்டர் என்று இரு பக்கமும் சேர்ந்து 20 மீட்டருக்கு ஐந்து தாள் போதும். நாலடிக்கு ஒரு இரும்பு ஆங்கிளைப் பின்பக்கம் போல்ட் போட்டு, அதன்மேல் மணல் மூட்டை வைத்தால் நகராது. போல்ட் தலை ஆட்டக்காரர் பக்கம் துருத்தக் கூடாது, பள்ளம் தோண்டி உள்ளே இறக்குங்கள். மூலையில் இரண்டு பலகையைச் செங்கோணமாகச் சேர்த்தால் பக் சிக்கி நின்றுவிடும். நடுவில் குறுக்கே ஒரு பலகை வைத்து மழுக்கிவிட்டால் ஓரளவு வளைவு வந்துவிடும்.

தரையும் சக்கரமும் சேர்ந்தே போகும். நம் ஊர் மைதானங்கள் சொரசொரப்பான சிமெண்ட், அதற்கு 82ஏ முதல் 85ஏ வரை கடினமுள்ள சக்கரம் சரி. தேசியப் போட்டியோ முகாமோ பிளாஸ்டிக் டைல் தரையில் நடந்தால் அதே சக்கரம் வழுக்கும். அங்கே 74ஏ முதல் 78ஏ வரை மென்மையானது வேண்டும், எடை அதிகமுள்ளவர்கள் மேல் எண் பக்கம் போகலாம். திருப்பத்தில் கால் வாரி விழும் பிள்ளையைத் தேர்வாளர் 'பேலன்ஸ் இல்லை' என்று குறித்துக்கொள்வார், சக்கரத்தின் மேல் பழி போடமாட்டார். அறிவிப்பு வந்ததும் தரை என்ன என்று கேட்டு இரண்டாவது செட் எட்டுச் சக்கரம் எடுத்துப் போங்கள். மென்மையான சக்கரத்தை மே மாத வேலூர் சிமெண்டில் ஓட்டினால் சில நாட்களில் ஒருபக்கமாகத் தேய்ந்துவிடும், ஆகவே அதைப் பயிற்சிக்குத் தொட வேண்டாம். ஒவ்வொரு காலிலும் உள்பக்கம்தான் முதலில் தேயும். வாரம் ஒருமுறை சக்கரத்தைத் திருப்பி, முன்னும் பின்னும் இடம் மாற்றுங்கள். பேரிங் பதினாறுக்கும் எதிரி தூசு. தண்ணீர் விட்டுக் கழுவினால் துரு, தேங்காய் எண்ணெய் விட்டால் தூசு ஒட்டிப் பசையாகிவிடும்.

ஸ்பீடு ஸ்கேட்டோடு ஹாக்கிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 110 மில்லிமீட்டர் சக்கரமும் கணுக்காலுக்குக் கீழே நிற்கும் ஷூவும் நேர் ஓட்டத்துக்கானவை. ஹாக்கிக்குக் கணுக்காலை மூடும் பூட்டும் 72 முதல் 80 மில்லிமீட்டர் சக்கரமும் வேண்டும். இல்லாவிட்டால் சட்டென்று திரும்பவும் நிற்கவும் முடியாது. பக்கும் அப்படித்தான். சிமெண்டில் பக் உருண்டு ஓடிவிடுகிறது என்று பந்தில் பழகுகிறார்கள். பந்துக்குக் கை ஒருவிதமாகப் பழகிவிடும், பக்கின் மேல் ஸ்டிக்கின் அடிப்பட்டையான பிளேடைக் கவிழ்த்துப் பிடிக்கும் பழக்கம் வராது. பக்கின் அடியில் உள்ள சிறு குமிழ்கள் தேய்ந்தால்தான் அது எழுந்து உருளும். நான்கைந்து பக் கையிருப்பு வைத்து, குமிழ் தேய்ந்ததைத் தூக்கிப் போடுவதே வழி. ஸ்டிக்கின் உயரம் ஸ்கேட் போட்டு நிற்கையில் மோவாய் மட்டம். ஸ்டிக்கின் விறைப்பைக் காட்ட அதன்மேல் அச்சிட்ட ஃப்ளெக்ஸ் எண், உடல் எடையைப் பவுண்டில் கணக்கிட்டு அதில் பாதி என்பது பொதுக் கணக்கு. 50 கிலோ பிள்ளைக்கு 55 வரும். அண்ணனின் 85ஐ வளைக்க அந்தப் பிள்ளையால் முடியாது, ஷாட்டில் வேகம் இல்லை என்று பெயர் மட்டும் வரும்.

முகாமில் எதைப் பார்ப்பார்கள்? இரு பக்கமும் காலைக் குறுக்கே வைத்துத் திரும்புவது, பின்னோக்கி ஓடுவது, முன்னோட்டத்திலிருந்து பின்னோட்டத்துக்கு வேகம் குறையாமல் மாறுவது, சக்கரத்தை இழுத்து இரு பக்கமும் நிற்பது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் நிற்கிறார்கள், எதிராளி அதை இரண்டாவது நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார். அடுத்துப் பக்கைப் பார்க்காமல் கொண்டுபோவது, பின்கை பாஸ், இரண்டு பேருக்கு எதிராக ஒருவர் தடுக்கும்போது எடுக்கும் முடிவு. கோல் எண்ணிக்கை இவற்றுக்கெல்லாம் பின்னால்தான். களத்தை விட்டு மாறும்போது நடந்து வருபவரைக் கட்டாயம் குறித்துக்கொள்வார்கள்.

மருத்துவச் சான்றைப் பதிவுபெற்ற மருத்துவரிடம் முறையாகப் பெறுங்கள். வேலூரில் சி.எம்.சி.யும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கும்போது தெரிந்தவரிடம் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்க வேண்டிய அவசியமில்லை. ஊக்கமருந்து விதி சிறுவர்களுக்கும் பொருந்தும், இதைப் பெற்றோர் நம்ப மறுக்கிறார்கள். ஆஸ்துமாவுக்கான சால்புட்டமால் இன்ஹேலர் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, எட்டு மணி நேரத்துக்குள் 600 தாண்டாமல் அனுமதி. ஒரு அழுத்தத்துக்கு 100 என்று பார்த்தால் ஆறு முறை. ஆனால் நெபுலைசரில் போடும் ஒரு குப்பியே 2.5 மில்லிகிராம், அதற்கு முன்கூட்டியே விலக்கு அனுமதி கேட்க வேண்டும். காய்ச்சல் சளிக்கு மருந்துக்கடையில் தரும் பிரட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் மாத்திரையும் ஊசியும் போட்டிக் காலத்தில் தடை. சில சளி மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரினும் அளவு மீறினால் சிக்கல். தடைப் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் புதிதாக வரும். மருத்துவர் எழுதித் தந்த மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

பணம். சுற்றறிக்கையில் 'அரசுக்குச் செலவில்லாமல்' என்ற வரி இருந்தால், விமானம், விசா, தங்கல், உடை எல்லாம் குடும்பத்தின் தலையில் என்று பொருள். இதை முன்கூட்டியே படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டுக் கடைசி வாரத்தில் பிள்ளையை விலக்கிக்கொண்டால் அந்த இடம் வேறு மாவட்டத்துக்குக் கிடைக்காமலும் போகிறது. 2023இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையில் பயணத்துக்கும் உபகரணத்துக்கும் ஆன்லைனில் உதவி கேட்கலாம். தேர்வுக் கடிதமும் செலவுக் கணக்கும் இல்லாமல் அங்கே போகக் கூடாது, போட்டி முடிந்த பிறகும் போகக் கூடாது. ஐரோப்பா என்றால் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, 35க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம், திரும்பும் நாளிலிருந்து மூன்று மாதச் செல்லுபடியும் இரண்டு வெற்றுப் பக்கமும் உள்ள பாஸ்போர்ட் கட்டாயம். ஸ்டிக் பை விமானத்தில் சாதாரணப் பெட்டி அளவைத் தாண்டும், டிக்கெட் எடுக்கும்போதே விளையாட்டு உபகரணம் என்று பதிந்துவிடுங்கள்.

தேசியப் போட்டி வழக்கமாக டிசம்பரை ஒட்டி வருகிறது. அதே மாதம்தான் அரையாண்டுத் தேர்வு. அதற்கு முந்தைய இரண்டு மாதம் வடகிழக்குப் பருவமழை, திறந்தவெளி மைதானம் முழுக்க ஈரம். ஈரத் தரையில் சக்கரம் பிடிக்காது, பேரிங் போய்விடும். ஆக, மாநிலப் போட்டிக்கும் தேசியப் போட்டிக்கும் தயாராக வேண்டிய வாரங்களில் கூரை இல்லாத வேலூர்ப் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று மாவட்டத்துக்கும் பொதுவாக, 40க்கு 20 மீட்டரில், பலகைச் சுவரும் கூரையும் உள்ள ஒரு ரிங்க் போதும். பழைய வேலூர் மாவட்டம் முழுக்க ஒன்று. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட விளையாட்டு அலுவலர்கள் தனித்தனியாகக் கேட்பதைவிடச் சேர்ந்து ஒரே கருத்துருவாக அனுப்பினால் எடுபடும் என்பது எங்கள் எண்ணம். காட்பாடி ரயில் நிலையத்துக்குப் பக்கம் அமைந்தால் அரக்கோணத்துப் பிள்ளையும் ஜோலார்பேட்டைப் பிள்ளையும் மாலை ரயிலில் வந்து போகலாம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். விளையாட்டுப் பக்கத்தில் தேர்வுப் போட்டி அறிவிப்புகள் வரும்போது, நடத்தும் அமைப்பு எந்த மாநிலச் சங்கத்தோடு இணைந்தது, வயதை எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடுகிறார்கள், கட்டணம் யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது என்ற மூன்றையும் கேட்டு வாங்கி அதிலேயே அச்சிடுங்கள். இந்த மூன்றையும் தராதவர்களின் அறிவிப்பை இலவசமாக வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
இன்லைன் ஹாக்கிப் பயிற்சியாளர்கள் சிலர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.